பொன்னுதுரை அண்ணாச்சிக்கு நான் வச்ச முடி

பிளக்ஸ் கடையில டிசைனர் வேலைங்கிறது, நம்ம முதுகுக்குப் பின்னால எப்பவும் ஒருத்தர் நின்னுக்கிட்டு, "கொஞ்சம் செவப்பா வைங்க, கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கிற வேலை. தையல் மிஷின்ல உக்காந்திருக்கவங்க, ஜெராக்ஸ் கடையில நிக்கவங்க, சலூன்ல கத்திரி பிடிக்கவங்க, உங்களுக்கெல்லாம் நான் விளக்க வேண்டியதில்ல. அந்த மூச்சு நம்ம பிடரியில படும்போது எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

பாளையங்கோட்டையில இந்த நாற்காலியில உக்காந்து எனக்கு இருபது வருஷம் ஆவுது. காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் இந்தக் கை வழியாத்தான் போயிருக்கு. போன மாசம் பாடகர் பொன்னுதுரை அண்ணாச்சி இறந்தப்போ எங்க கடையில வேற வேலையே ஓடல. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. அண்ணாச்சி மெல்லிசைக் கச்சேரியில பாடுதவரு. உள்ளூர் கேபிள் சேனல்ல ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு 'பைய வாங்க'ன்னு, அதாவது மெதுவா வாங்கன்னு, ஒரு நிகழ்ச்சி நடத்துனாரு. நாலு பாட்டு, ஒரு மிமிக்ரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க டான்ஸ், நடுவுல போன்ல பேசுத நேயர்கள். அதட்டாத குரல். அடுப்புல கறி கொதிக்கும், அந்தப் பக்கம் அண்ணாச்சி பாடிக்கிட்டிருப்பாரு, ரெண்டும் சேந்தாத்தான் எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை.

அவரு போன பிறகு ஊரே எங்கிட்ட அவரு படம் கேட்டுச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். அவரு சம்சாரமும் ஒரே ஒரு படம் கேட்டாவ. அது மட்டும் எங்கிட்ட இல்ல. இல்லாமப் போனதுக்குக் காரணம் நான்தான்.

மாப்பிள்ளையோட முடி

அண்ணாச்சி முதல் தடவை கடைக்கு வந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி. மேடைக்குப் பின்னால கட்ட ஒரு பேனர் வேணும்னு கையில ஒரு போட்டோவோட வந்தாரு. நெத்தி உச்சந்தலையத் தாண்டிப் போயிருந்துச்சு, மூக்குல தடிமனா ஒரு கண்ணாடி. "பாத்துச் செய்யி தாயி"ன்னாரு. நானும் பாத்துச் செஞ்சேன். கண்ணாடியக் கழத்துனேன், கன்னத்த வழிச்சேன், வேற ஒரு கல்யாண பேனர்ல இருந்த மாப்பிள்ளையோட முடிய எடுத்து அண்ணாச்சி தலையில ஒட்டுனேன். அந்த மாப்பிள்ளைக்கு இன்னைக்கு வரைக்கும் விஷயம் தெரியாது. அண்ணாச்சி ஸ்கிரீனையே ரெண்டு நிமிஷம் பாத்தாரு. பிறகு கொண்டுவந்த போட்டோவ நாலாக் கிழிச்சுக் குப்பைக்கூடையில போட்டுட்டுப் போயிட்டாரு.

வினை அடுத்த கச்சேரியில வந்துச்சு. இவரு மேடையில நின்னு பாடிக்கிட்டிருக்காரு, கீழ ஒருத்தர், "பேனர்ல இருக்கவரு எப்போ வருவாரு?"ன்னு கேட்டிருக்காரு. மறு வாரமே அண்ணாச்சி மதுரைக்குப் போயி, என் பேனரக் காட்டி, அதே மாதிரி ஒரு டோப்பா வாங்கிட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் ஊர்ல ஒருத்தர் கண்ணுலயும் அவரு வெறுந்தலையோட படல. ஆனா போட்டோவுக்கு மட்டும் டோப்பா ஆகாது, "வெளிச்சம் பட்டா காட்டிக் குடுத்துருது, நீ வைக்க முடிதான் இயற்கையா இருக்கு"ம்பாரு. அதனால வருஷா வருஷம் பென்டிரைவ்ல ஒரு வெறுந்தலைப் படம் வரும், நான் முடி வச்சு அனுப்புவேன். ஒரு சித்திரை மாசம் உச்சி வெயில்ல டோப்பாவோட கடைக்குள்ள நுழைஞ்சு, ஃபேனுக்கு நேரா நின்னுக்கிட்டுச் சொன்னாரு: "முடி வச்சது நீ, வேர்த்துச் சாவுதது நான்லா தாயி!"

போன வருசத்துத் தண்ணி

நிகழ்ச்சிக்குப் பின்னால கட்ட சேனல்காரங்க ஒரு இயற்கைக் காட்சி கேட்டாங்க. குத்தால அருவிய பன்னிரண்டுக்கு எட்டு அடியில அடிச்சுக் குடுத்தேன். சுருக்கம் விழுந்தா என்னத்தான் வைவாங்கன்னு கட்டுத அன்னைக்கு நானே போயிருந்தேன். ஸ்டூடியோன்னா பெருசா நெனச்சுராதிய, ஒரு மாடி ரூம். ஏசி சத்தம் மைக்ல விழும்னு அதையும் அணைச்சிருவாங்க. அருவிக்கு முன்னால நின்னுக்கிட்டு அண்ணாச்சிக்கு வேர்வை ஊத்துது.

முதல் போன். ஒரு அம்மா பேசுனாங்க. அண்ணாச்சி யார் பேசுனாலும் மொதல்ல "சாப்ட்டியளா, என்ன கொழம்பு?"ன்னுதான் கேப்பாரு, பதில காது குடுத்துக் கேக்கவும் செய்வாரு. அந்தம்மா புளிக்கொழம்புன்னாங்க. பாட்டு எதுவும் கேக்கல. "பின்னால தண்ணி நல்லா விழுது போலுக்கே அண்ணாச்சி"ன்னாங்க. கேமராக்காரரு சிரிப்ப அடக்க முடியாம வெளிய ஓடிட்டாரு. நானா இருந்தா 'அது துணிம்மா'ன்னு பட்டுனு சொல்லியிருப்பேன். அண்ணாச்சி முகம் மாறாம, "நல்லா விழுதும்மா. ஆனா இது போன வருசத்துத் தண்ணி. இந்த வருசம் இன்னும் வரல"ன்னாரு. அந்தம்மா பெருமூச்சு விட்டது ஸ்டூடியோ பூரா கேட்டுச்சு: "நல்லவேளை கேட்டேன் அண்ணாச்சி, இங்கன எல்லாரும் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு வேனுக்கு நிக்காவ."

பதினாலு முகம்

அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்தது ஒரு செவ்வாக்கிழமை விடியக்காலம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டாரு. நான் கடைக்கு வரும்போது ஷட்டர் முன்னால பத்து பேர் நிக்காங்க. துக்கம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க தொழில்ல துக்கம் வந்தா மொதல்ல அளவு கேக்கணும். "ஆறுக்கு நாலா, பத்துக்கு எட்டா?"ன்னு கேட்டுக்கிட்டே கம்ப்யூட்டரப் போட்டேன்.

முதல் ஆர்டர் ஒரு ஆட்டோ ஸ்டாண்டுக்காரங்க. நடுவுல அண்ணாச்சி, கீழ அஞ்சலி செலுத்துத ஆளுங்க படம், வழக்கமான அமைப்புதான். ஆளுங்க பதினாலு பேரு. பதினாலு பேர் படமும் பெருசா வேணுமாம். ஒவ்வொருத்தரா என் பின்னால வந்து நின்னு, தன் மூஞ்சிய ஒரு சுத்துப் பெருசாக்கச் சொல்லிட்டுப் போனாங்க. அவங்க பெருக்கப் பெருக்க அண்ணாச்சி சுருங்கிக்கிட்டே வந்து, கடைசியில ஒரு மூலையில தபால்தலை அளவுக்கு வந்துட்டாரு. "அஞ்சலி யாருக்குன்னு தெரிய வேண்டாமாய்யா?"ன்னு கேட்டேன். தலைவர் ரொம்பப் பொறுமையா பதில் சொன்னாரு: "அண்ணாச்சியத்தான் ஊருக்கே தெரியுமே மேடம், எங்களத்தான் ஒருத்தருக்கும் தெரியாது."

கூட இருந்த ஆளு

நாலாம் நாள் மத்தியானம் மதினி கடைக்கு வந்தாவ. மதினின்னா அண்ணாச்சி சம்சாரம், செண்பகம். பதினாறாம் நாள் காரியம் முடியாம வீட்டுப் பொம்பள வாசப்படி தாண்டுததை எங்க பக்கம் ஒத்துக்கிட மாட்டாங்க. "என்ன மதினி இது"ன்னு எந்திரிச்சேன். "பேசுதவ பேசட்டும். நீ உக்காரு"ன்னு சொல்லி, ரோட்டுல கட்டியிருக்க பேனரையெல்லாம் கையக் காட்டுனாவ. "வாற வழி பூரா இதத்தான் பாத்துட்டு வாறேன். வீட்டுலயும் இதத்தான் மாலை போட்டு வச்சிருக்காவ. எனக்கு அழுகையே வரல பிரேமா. யாரோ சினிமாக்காரன் செத்த மாரி இருக்கு. மூணு நாளா அழாத பொம்பளையா உக்காந்திருக்கேன். எனக்கு எங்க வீட்ல இருந்த ஆளு வேணும். கண்ணாடியோட, மொட்டைத் தலையோட. பதினாறுக்குள்ள குடு."

வேலை தொடங்க முன்ன மூலப் படத்துக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிக்கிடணும்கிறது எங்க தொழில்ல அரிச்சுவடி. நான் சோம்பேறி. அதே படத்துலயே வேலையப் பாத்து, அது மேலயே சேவ் குடுத்துருவேன். பன்னிரண்டு வருஷப் படமும் கம்ப்யூட்டர்ல இருக்கு, பன்னிரண்டுலயும் அந்த மாப்பிள்ளை முடிதான் இருக்கு. பென்டிரைவ்ல இருந்ததையும் அண்ணாச்சி அன்னன்னைக்கே அழிச்சிருவாரு. மதினி போன்ல ஒண்ணு கூட இல்ல. எடுத்தா அன்னைக்கே வாங்கி அழிச்சிருவாராம். பிள்ளைங்களும் இல்ல, அவங்க போன்ல தேட. ஆதார் அட்டையப் பாத்தோம், அதுல இருக்கது அண்ணாச்சியா வேற ஆளான்னு எங்க ரெண்டு பேருக்குமே சந்தேகம் வந்துருச்சு. வேற வழியில்லாம, "கல்யாண ஆல்பத்துல இருந்து எடுப்போமா மதினி?"ன்னு கேட்டேன். மதினி என்ன ஏறிட்டுப் பாத்தாவ: "அது நான் கெட்டிக்கிட்ட ஆளு. நான் கேக்கது என்கூட இருந்த ஆளு."

பேனரோட ஒரு படம்

அன்னையிலருந்து கடைக்கு வந்த ஒருத்தரையும் நான் சும்மா விடல. "அண்ணாச்சியோட எடுத்த படம் எதுவும் போன்ல இருக்கா?"ன்னு கேட்டுட்டுத்தான் ஆர்டரே எழுதுனேன். எல்லார்ட்டயும் இருந்துச்சு. கல்யாண வீட்டுல, கோயில் கொடையில, ஸ்டூடியோ வாசல்ல. எல்லாத்துலயும் டோப்பா. எங்க முதலாளி, "ஏளா, நீ ஆர்டர் எடுக்கியா, விசாரணை நடத்துதியா?"ன்னு சத்தம் போட்டாரு. போடட்டும். எனக்கு ராத்திரி கண்ண மூடுனா மதினி மூஞ்சிதான் வருது. தப்பு செஞ்சவளுக்குத்தான் அந்த உறுத்தல் தெரியும்.

வண்ணாரப்பேட்டையில அல்வாக் கடை வச்சிருக்க ஒருத்தர், அண்ணாச்சிய இருபது தடவை நேர்ல பாத்திருக்கேன்னு சொல்லி, போன என்கிட்ட நீட்டுனாரு. ஆசையா வாங்கிப் பாத்தேன். இருபது படம் இருந்துச்சு. இருபதுலயும் அவரு சிரிச்சுக்கிட்டு நிக்காரு, பக்கத்துல அண்ணாச்சி இல்ல, நான் அடிச்ச பேனர் நிக்கி. "இதுல அண்ணாச்சி எங்கய்யா?"ன்னேன். மனுசன் வெக்கத்தோட போன வாங்கிக்கிட்டாரு: "அவரு அங்கனதான் நின்னாரு மேடம், பக்கத்துல போகக் கூச்சமா இருந்துச்சு, அதான் பேனரோட எடுத்துக்கிட்டேன்."

அனைவரும் வருக

புத்தி ஒரு இடத்துல இல்லாட்டா கை என்ன செய்யும்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நாங்க ஒவ்வொரு பேனரையும் புதுசாத் தொடங்க மாட்டோம். பழைய பேனரத் திறந்து, படத்தையும் பேரையும் மாத்தி, அடிச்சுக் குடுத்துருவோம். நாங்குநேரி ரசிகர் மன்றத்துக்கு அஞ்சலி பேனர் செய்ய, ஒரு காதுகுத்து பேனரத் திறந்தேன். பிள்ளை படத்த எடுத்துட்டு அண்ணாச்சிய வச்சேன், ரோஸ் கலர கறுப்பாக்குனேன், தாய்மாமன் பேர அழிச்சேன். அடியில கிடந்த 'அனைவரும் வருக வருக, விருந்து உண்டு' மட்டும் கண்ணுல படல.

பேனர் போன பிறகுதான் கம்ப்யூட்டர்ல அதப் பாத்தேன், மறுநாள் மன்றத் தலைவர் வாசல்ல வந்து நின்னாரு. கேக்க முன்னாலயே, "இப்பவே கழத்திட்டு வாங்க, வேற அடிச்சுத் தாறேன்"னேன். அவரு நிதானமா ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு. பேனரப் பாத்துட்டு பஸ்ஸுல போனவங்க வரைக்கும் இறங்கி வந்து, அண்ணாச்சி படத்துக்குப் பூப் போட்டுட்டு, பந்தி எங்கனன்னு கேட்டிருக்காங்க. வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பக்கூடாதுன்னு மன்றத்துக்காரங்க அவசரமா ஒரு அண்டா சாம்பார் சாதம் கிண்டிட்டாங்க. "பேனரத் திருப்பிக் குடுக்க வந்தியளா, திட்ட வந்தியளா?"ன்னு கேட்டேன். "ரெண்டும் இல்ல மேடம், இந்த மாரியே இன்னொண்ணு அடிங்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டணும்."

அசனப் பந்தி

பதிமூணாம் நாள். கூடங்குளத்துக்கு அங்கிட்டு இருக்க ஒரு கடற்கரை ஊர்லருந்து மீன்பிடி போட்டுக்காரர் ஒருத்தர் வந்தாரு. அவங்க மாதா கோயில் திருவிழாவுல அண்ணாச்சி வருஷா வருஷம் பாடுவாராம், நினைவுத் திருப்பலிக்கு ஒரு பேனர் வேணும்னாரு. வழக்கம்போல நான் கேட்டேன். போன எடுத்தாரு, தள்ளித் தள்ளிப் பாத்தாரு, ஒரு படத்துல விரல் நின்னுச்சு. சட்டுனு போனக் கவுத்து மடியில வச்சுக்கிட்டாரு. "ஒண்ணும் இல்லம்மா"ன்னாரு. இருபது வருஷமா பொய் சொல்லுத வாடிக்கையாளரப் பாத்தவ நான். "இருக்கு, காட்டுங்க"ன்னேன்.

மூணு வருஷத்துக்கு முந்தி நடந்ததாம். திருவிழா முடிஞ்சு மத்தியானம் அசனம், ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடுத பந்தி. குசினியிலருந்து சோறு ஆவி பறக்க வருது, பந்தல்ல காத்து இல்ல. அண்ணாச்சி அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துட்டு, யாரும் கவனிக்கலன்னு டோப்பாவக் கழத்தி மடியில வச்சுக்கிட்டு இலையில கை வச்சிருக்காரு. இவரு எடுத்துட்டாரு. அண்ணாச்சி பாத்துட்டு இவரு கையப் பிடிச்சு, வெளிய காட்ட மாட்டேன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாராம். நான் மதினி வந்ததச் சொன்னேன், அழுகை வரலன்னு சொன்னதச் சொன்னேன், நான் அழிச்ச பன்னிரண்டு படத்தையும் ஒளிக்காமச் சொன்னேன். அந்த மனுசன் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயி ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னாரு. நான் போச்சுன்னே நெனச்சேன். திரும்பி வந்து போன என் மேசையில வச்சாரு: "வெளிய காட்ட மாட்டேன்னுதாம்மா சத்தியம் பண்ணேன், அவரு வீட்டுக்குள்ள காட்ட மாட்டேன்னு பண்ணல."

நாற்காலிக்குப் பின்னால

சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில மதினி ஆட்டோவுல வந்து இறங்குனாவ. வழக்கமா எல்லாரும் நிக்க இடத்துல, என் முதுகுக்குப் பின்னாலதான் நின்னாவ. நான் படத்தத் திறந்தேன். இந்த மாதிரி ஒரு படத்த எந்த வாடிக்கையாளர் கொண்டு வந்தாலும் 'இது ஆகாது'ன்னு திருப்பி அனுப்பியிருப்பேன். வாய்ல பெரிய கவளம், ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கு. கண்ணாடி மூக்கு நுனியில நிக்கி. தலை வேர்வையில மினுங்குது. கண்ணு பாதி மூடியிருக்கு, அவ்வளவு ருசி போல. இடது பக்கம் யாரோ ஒருத்தரோட முழங்கை குறுக்க வருது. மடியில அந்த டோப்பா.

எனக்குத் திரும்பிப் பாக்கப் பயமா இருந்துச்சு. சும்மா இருக்க முடியாம, அந்த முழங்கைய மட்டும் எடுத்துருவோம், தலையில மினுக்கத்தக் கொஞ்சமாக் குறைப்போம்னு படத்தப் பெருசாக்குனேன். இந்தத் தடவை மொதல்ல காப்பி எடுத்துட்டேன், அதையும் சொல்லிக்கிடுதேன். அப்பத்தான் என் தோள்ல ஒரு கை அழுத்துச்சு. மதினி அழுதாவ. விம்மி, மூக்க உறிஞ்சி, பிரிண்டிங் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேக்குத மாதிரி அழுதாவ. முதலாளி மிஷின நிப்பாட்டச் சொல்லிட்டு வாசலுக்குப் போயிட்டாரு. நானும் அழுதேன், அதுல என்ன வெக்கம். முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு மதினி சொன்னாவ: "மவுஸ்லருந்து கைய எடு பிரேமா, அவியள இனிமேலாவது நிம்மதியா சாப்புட விடு."

இருபது வருஷ சர்வீஸ்ல என் பின்னால நின்ன ஒருத்தர் ஒரு திருத்தமும் சொல்லாம வாங்கிட்டுப் போனது, நான் ஒரு வேலையும் பாக்காத அந்த ஒரு படத்தத்தான்.